தங்கமா, முலாமா? வீட்டில் வைத்துச் சோதிக்கும் பெட்டி வாங்கலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கம் சோதிக்கும் பெட்டி என்று விற்கிறார்களே, அதில் இருக்கும் சாமான்களில் பாதிதான் உருப்படி, மீதி பெட்டி நிறைந்து தெரிய வேண்டும் என்பதற்காக வைத்தது. ஆனால் அந்தப் பாதியைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்தால், கையில் இருப்பது தங்கமா கவரிங்கா என்பதைப் பெரும்பாலான நகைகளில் வீட்டு மேஜையிலேயே கண்டுபிடித்துவிடலாம். எத்தனை காரட் என்று துல்லியமாகச் சொல்வது வேறு விஷயம், அதற்கு இந்தப் பெட்டியை நம்ப வேண்டாம்.

நான் வாங்கியதில் இருந்தவை: ஒரு கறுப்பு உரைகல், 10, 14, 18, 22 என்று எழுதிய அமில பாட்டில்கள், வெள்ளிக்குத் தனியாக ஒரு பாட்டில், நுனியில் மட்டும் தங்கம் வைத்த பித்தளை ஊசிகள், காந்தம், 10 மடங்கு லென்ஸ், கையடக்க அரம், 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, அப்புறம் விளக்கு எரியும் ஒரு மின்னணுப் பேனா. விளக்கத்தாள் ஒன்று மடித்து வைத்திருந்தது, அதைப் படித்து ஒன்றும் விளங்காது.

சாமான்களைப் பற்றிப் பேசுமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இணையத்தில் சுற்றும் யோசனைகளில் பலவும் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. முலாம் பூசிய நகையின் மேற்பரப்பில் இருப்பது போலி இல்லை. அது அசல் தங்கம்தான். மெல்லியது, அவ்வளவே. மலிவான பூச்சில் தங்கத்தின் கனம் அரை மைக்ரானைக்கூடத் தொடாது, கனமான பூச்சு என்று பெருமையாகச் சொல்வதே 2.5 மைக்ரான் அளவில்தான் இருக்கும், மனிதத் தலைமுடியின் கனம் எழுபது மைக்ரானை ஒட்டி வரும் என்று வைத்துப் பாருங்கள். ஆகவே மேற்பரப்பை மட்டும் தொட்டுப் பார்க்கும் எந்தச் சோதனையும், வெள்ளையடித்த சுவரைத் தடவிப் பார்த்து உள்ளே செங்கல்லா மண்ணா என்று சொல்வது மாதிரிதான். அசல் தங்கத்துக்கு என்ன பதில் வருமோ அதே பதில்தான் முலாமுக்கும் வரும். பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு சாமானையும் நான் எடை போட்டது இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்: இது மேலே பார்க்கிறதா, உள்ளே பார்க்கிறதா?

காந்தத்தில் ஆரம்பிக்கலாம், எல்லோரும் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். காந்தம் உள்ளேயும் பார்க்கும், அது நல்ல விஷயம். மேலே தங்கம் பூசி உள்ளே இரும்பு வைத்திருந்தால் டக்கென்று ஒட்டும், கதை முடிந்தது. ஆனால் ஒட்டவில்லை என்றால்? ஒன்றும் தெரியாது. பித்தளை ஒட்டாது, செம்பு ஒட்டாது, வெள்ளி, ஈயம், துத்தநாகம் எதுவும் ஒட்டாது, முலாம் நகைகளில் உள்ளே இருப்பது பெரும்பாலும் இவைதான். நகை செய்யும் வகை எஃகு கூடக் காந்தத்தைக் கண்டுகொள்ளாது. இதற்கு நேர்மாறாக, அசல் தங்கச் செயினின் கொக்கிக்குள் இருக்கும் குட்டி ஸ்பிரிங் எஃகாக இருக்கும், காந்தத்தைக் கொக்கிப் பக்கம் கொண்டுபோனால் அது இழுபடும், உடனே "ஐயோ போலி" என்று பதற வேண்டியதில்லை. செயினின் நடுக்கண்ணிகளில் வைத்துப் பாருங்கள். பெட்டியோடு வந்த காந்தம் போதுமான வலு உள்ளதுதான், குறை இல்லை. அதன் வேலையே சின்னது, அவ்வளவுதான்.

லென்ஸ் எனக்குப் பிடித்த சாமான். பத்து மடங்கு போதும், அதற்கு மேல் போனால் கை நடுக்கத்தில் எதுவும் நிற்காது. எங்கே பார்க்க வேண்டும் என்பதுதான் விஷயம். பளபளப்பான முகப்பில் பார்த்து ஒரு பயனும் இல்லை. உரசுகிற இடங்களைப் பாருங்கள்: செயினில் ஒரு கண்ணியும் அடுத்த கண்ணியும் தொடும் உட்பக்கம், மோதிரத்தின் அடிப்பக்க விளிம்பு, வளையலின் உள்விளிம்பு, தோட்டின் தண்டு, திருகாணியின் மரை, கொக்கியின் நாக்கு. முலாம் என்றால் அந்த இடங்களில் நிறம் மாறியிருக்கும், சிவப்பாகவோ வெளிர் மஞ்சளாகவோ சாம்பலாகவோ. சில சமயம் ஊசி குத்தியது போல் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும், ஓரங்களில் தோல் உரிந்தது போல் எழும்பியிருக்கும். அசல் தங்கம் தேயும்போதும் கீறும்போதும் அடியில் அதே நிறம்தான் வரும். பழைய நகை என்றால் லென்ஸ் மட்டுமே விடை சொல்லிவிடும், அமிலம் வரைக்கும் போகவே வேண்டாம். புது நகையில் தேய்மானம் இல்லாததால் லென்ஸால் முத்திரை படிக்க மட்டும்தான் முடியும்.

முத்திரை என்றதும் அதையும் பேசிவிடுவோம், பெட்டியின் விளக்கத்தாள் இதில் மகா மோசம். எண்கள் எளிது: 999 என்றால் சுத்தத் தங்கம், 916 என்றால் 22 காரட், 750 என்றால் 18, 585 என்றால் 14, 417 என்றால் 10, 375 என்றால் 9. ஆயிரத்தில் எத்தனை பங்கு தங்கம் என்பதுதான் அந்த எண். குழப்புவது எழுத்துகள். காரட் எண்ணுக்குப் பக்கத்தில் ஜி.பி. என்றோ ஜி.இ.பி. என்றோ இருந்தால் முலாம். எச்.ஜி.இ. என்றால் கனமான மின்முலாம், ஆனாலும் முலாம்தான். ஜி.எஃப். என்றால் தங்கத் தகட்டைப் பித்தளை மேல் அழுத்தி ஒட்டியது, பக்கத்தில் 1/20 என்று இருந்தால் மொத்த எடையில் இருபதில் ஒரு பங்குதான் அந்தக் காரட் தங்கம் என்று பொருள். ஆர்.ஜி.பி. என்பது அதே வகையில் தங்கம் இன்னும் குறைந்தது. தங்க நிறத்தில் இருக்கும் நகையில் 925 என்று இருந்தால் உள்ளே வெள்ளி, மேலே தங்கப் பூச்சு. இதில் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு, 14 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் கே.பி. என்று மட்டும் இருந்தால் அது முலாம் இல்லை. சொன்ன காரட் குறையாமல் சரியாக இருக்கிறது என்பதற்குப் போடும் குறி அது. அந்த ஒரு எழுத்தைப் பார்த்து நல்ல நகையைக் கவரிங் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு முத்திரையை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. இரும்புக் குச்சியில் எண்ணைச் செதுக்கி ஓர் அடி அடித்தால் எதன் மேலும் 750 விழும். இதைவிடக் கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், கொக்கியையும் முத்திரை போட்ட குட்டித் தகட்டையும் மட்டும் அசல் தங்கத்தில் வைத்து, செயின் முழுவதையும் முலாமில் செய்வது. முத்திரையும் பொய் சொல்லாது, கொக்கியில் அமிலம் விட்டாலும் பொய் சொல்லாது. ஆகவே எந்தச் சோதனையானாலும் ஒரே இடத்தில் செய்து நிறுத்தக் கூடாது.

சரி, உரைகல்லும் அமிலமும். பெட்டியின் கதாநாயகன் என்று விளம்பரம் சொல்வது இதைத்தான். பொற்கொல்லர்கள் காலங்காலமாகச் செய்துவரும் முறை, அடிப்படை எளிது: நகையைக் கல்லில் அழுத்தி ஒரு கோடு இழுக்க வேண்டும், பக்கத்திலேயே காரட் தெரிந்த ஊசியால் இன்னொரு கோடு, இரண்டின் குறுக்கே அமிலத்தை ஒரு சொட்டு இழுத்துவிட்டு எது எவ்வளவு வேகமாக மறைகிறது என்று பார்க்க வேண்டும். 14 பாட்டிலுக்குக் கோடு நின்றால் 14 அல்லது அதற்கு மேல், 18க்கு மறைந்தால் 18க்குக் கீழே. பித்தளைக் கோடு அமிலம் பட்டதும் காணாமல் போகும், அதைப் பார்ப்பதற்கே ஒரு திருப்தி இருக்கிறது. குறைந்த காரட் பாட்டிலில் இருப்பது நைட்ரிக் அமிலம், அது செம்பையும் வெள்ளியையும் கரைக்கும், தங்கத்தைத் தொடாது. காரட் ஏற ஏற அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்துக்கொண்டே போவார்கள், 22க்கான பாட்டில் கிட்டத்தட்ட தங்கத்தையே கரைக்கும் ராஜ திராவகத்தின் பக்கம் வந்துவிடும்.

இதில் இரண்டு சிக்கல். முதல் சிக்கல் நான் மேலே சொன்னதுதான், கல்லில் முதல் இழுப்பில் உரசி வருவது மேல்தோல். முலாம் கொஞ்சம் கனமாக இருந்தால் அந்தக் கோட்டில் இருப்பது நல்ல தங்கம், அமிலம் அதைப் பாராட்டிவிட்டுப் போய்விடும். விளக்கத்தாளில் "நகையைக் கல்லில் தேய்க்கவும்" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள், இது பாதி உண்மை. செய்ய வேண்டியது: கண்ணுக்குப் படாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து அரத்தால் சின்னதாக ஒரு வெட்டு, மேல்தோல் கழன்று உள் உலோகம் தெரியும் அளவுக்கு. அப்புறம் அந்த இடத்தைக் கல்லில் உரசுங்கள், அல்லது வெட்டிலேயே 10 பாட்டிலைக் குச்சி நுனியால் தொட்டு வையுங்கள். பச்சையாக நுரைத்தால் செம்பு அல்லது பித்தளை. பால் போல வெளுத்தால் உள்ளே வெள்ளி. எதுவும் ஆகாமல் சும்மா இருந்தால் தங்கமாக இருக்கலாம். இருக்கலாம் என்று ஏன் இழுக்கிறேன் என்றால், நல்ல வகை எஃகும் நைட்ரிக் அமிலத்துக்கு அசையாது. எஃகின் மேல் தங்க நிறத்தில் கடினமான பூச்சு ஏற்றிய நகைகள் இப்போது ஏராளம், பி.வி.டி. என்று சொல்வார்கள், அந்த நிறம் பல சமயம் தங்கமே இல்லை, டைட்டானியம் நைட்ரைடு. காந்தத்திலும் தேறிவிடும், அமிலத்திலும் தேறிவிடும், தேய்மானமும் அவ்வளவு சீக்கிரம் தெரியாது. இதை எப்படிப் பிடிப்பது என்று பின்னால் வருகிறேன்.

இரண்டாவது சிக்கல் தரம். அமிலம் நாளாக நாளாக வலு இழக்கும், அதிலும் 18, 22 பாட்டில்கள் சீக்கிரம் போகும், கலவை தானாகவே சிதைந்து வாயுவாக வெளியேறிக்கொண்டே இருக்கும். வலு இழந்த அமிலம் என்ன செய்யும்? குறைந்த காரட்டைக் கூடுதல் காரட் என்று காட்டும், அதாவது வாங்குகிறவருக்குப் பாதகமான பக்கமாகவே பொய் சொல்லும். இதனால்தான் ஊசிக் கோடு இல்லாமல் அமிலத்தைத் தனியாக நம்பக் கூடாது. பெட்டி வந்தவுடன் நகையைத் தொடுமுன் ஊசிகளையே சோதித்துப் பாருங்கள்: 14 ஊசியின் கோடு 18 அமிலத்தில் மறைய வேண்டும், 18 ஊசியின் கோடு 14 அமிலத்தில் நிற்க வேண்டும். எனக்கு வந்ததில் குறைந்த காரட்கள் ஒழுங்காக இருந்தன, 18க்கும் 22க்கும் நடுவில் தெளிவு இல்லை, ஊசி சரியில்லையா அமிலம் சரியில்லையா என்று பிரித்துச் சொல்லவும் வழியில்லை. முலாமா தங்கமா என்ற கேள்விக்கு இது குறுக்கே நிற்காது, காரட்டைத் தெரிந்துகொள்ள நினைத்தால் நிற்கும்.

பெட்டியை வடிவமைத்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அமில பாட்டில்களையும் எஃகு அரத்தையும் தராசையும் லென்ஸையும் எப்படி ஒரே மூடிய பெட்டிக்குள் அடுக்கினீர்கள்? மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் ஆவி கசியும், பக்கத்தில் இருக்கும் இரும்பெல்லாம் துருப்பிடிக்கும். அரத்தில் பழுப்பு ஏறிய பிறகுதான் பாட்டில்களைத் தனியாகக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றினேன். கையுறை, கண்ணாடி எதுவும் பெட்டியில் தரவில்லை, அதையும் சேர்த்துத்தான் குறை சொல்கிறேன். நைட்ரிக் அமிலம் தோலில் பட்டால் அந்த இடம் மஞ்சளாகிவிடும், கழுவினால் போகாது, தோல் உரிந்தால்தான் போகும், அது லேசான காயத்துக்கே. கண்ணில் பட்டால் என்ன என்று எழுத வேண்டாம். வெள்ளிக்கான பாட்டிலில் பெரும்பாலும் டைகுரோமேட் இருக்கும், வெள்ளியில் பட்டால் சிவக்கும், ஆனால் அது நச்சு, புற்றுநோய் வரவழைக்கக் கூடியது. சிந்தும் அமிலத்தை முறிக்கச் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டி வைக்க இடம் இல்லை என்றால் இந்தப் பெட்டியை வாங்காதீர்கள், அமிலம் இல்லாமலே பாதி வேலை முடிந்துவிடும்.

எப்படி என்றால் தராசால். விளக்கத்தாளில் தராசைப் பற்றி ஒரே வரி, நகையின் எடை பார்க்க என்று. பெட்டியில் இருக்கும் சாமான்களிலேயே உள்ளே நன்றாகப் பார்க்கத் தெரிந்தது இதுதான், அதைப் போய் ஓரத்தில் தள்ளியிருக்கிறார்கள். ஆர்க்கிமிடீஸ் கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை, செய்முறைக்கு வருவோம். நகையை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். நகையை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படி, அடியிலோ பக்கத்திலோ படாதபடி கையில் பிடித்துத் தொங்கவிடுங்கள். இப்போது தராசில் தெரியும் எண்தான் நகை விலக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்.

சுத்தத் தங்கம் 19.3. 22 காரட் 17.7க்குப் பக்கத்தில் வரும். 18 காரட் கலவையைப் பொறுத்து 15க்கும் 16க்கும் நடுவில், 14 காரட் 13ஐ ஒட்டி. வெள்ளி 10.5, செம்பு 9க்குக் கொஞ்சம் கீழே, பித்தளை 8.5 சுமார், எஃகு 8 சுமார். நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். எட்டு கிராம் மோதிரம் 22 காரட் என்றால் தண்ணீரில் 0.45 காட்டும், அதே எட்டு கிராம் பித்தளை என்றால் 0.94 காட்டும். முலாம் எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு கனமாக இருந்தாலும், உள்ளே இருக்கும் உலோகத்தின் எடையை அதனால் மாற்ற முடியாது. மேலே பேசிய எஃகு நகை காந்தத்தையும் அமிலத்தையும் தாண்டி வந்தாலும் இங்கே 8 என்று நிற்கும். நகையில் ஒரு கீறல் கூட விழாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டால் எண் தப்பாகும், தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, நகையை உள்ளே லேசாக ஆட்டினால் குமிழிகள் விட்டுப்போகும். கல் பதித்த நகைக்கு இந்த முறை உதவாது, கல்லின் எடையும் பருமனும் கணக்கைக் கலைத்துவிடும். உள்ளே குடைவாகச் செய்த வளையல், அரக்கு அடைத்த தோடு இவையும் அப்படித்தான், அசல் தங்கமே கவரிங் மாதிரி எண் காட்டும். ஆக அடர்த்தி குறைவாக வந்தால், நகை குடைவா, கல் இருக்கிறதா என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அடர்த்தி கூடுதலாக வந்தால்தான் அது பெரிய சாட்சி, ஏனென்றால் அவ்வளவு கனமான மலிவான உலோகம் கிடைப்பது அரிது.

அரிது என்றேன், இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. டங்ஸ்டன் இருக்கிறது, அடர்த்தி 19.25, தங்கத்துக்கு அண்ணன் தம்பி. அதை நுணுக்கமான நகையாக வளைப்பது கடினம், கட்டிகளுக்குள் வைத்து ஏமாற்றத்தான் பெரும்பாலும் பயன்படும். ஆனால் டங்ஸ்டன் கார்பைடு மோதிரங்கள் சாதாரணமாகவே விற்பனையில் இருக்கின்றன, அவற்றின் அடர்த்தி 15க்குப் பக்கத்தில் வரும், அதாவது 18 காரட் தங்கத்தின் வாசலில். மேலே தங்க முலாம் போட்டால் தண்ணீர்ச் சோதனை ஏமாறலாம். இங்கேதான் அரம் உதவுகிறது. தங்கம் மிருதுவானது, அரம் பட்ட உடனே கடித்து இறங்கும். கார்பைடின் மேல் அரம் வழுக்கிக்கொண்டு போகும், மேல் பூச்சுதான் போகும். ஆகவே என் வரிசை இப்போது இதுதான்: தண்ணீரில் கனமாக இருக்க வேண்டும், அரத்துக்கு மிருதுவாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து இருப்பது தங்கத்துக்கு அமைந்த மாதிரி வேறு எதற்கும் சுலபமாக அமையாது. ஈயமும் கனம், மிருது என்பீர்கள், அதன் அடர்த்தி 11.3, 9 காரட் நகையோடு மட்டும்தான் குழம்பும், அந்தக் குழப்பத்தை அமிலம் தீர்த்துவிடும்.

பெட்டித் தராசின் குறை என்னவென்றால் 0.01 கிராம் போதாது. பெரிய மோதிரம், வளையல், கனமான செயின் என்றால் சரி. ஒரு கிராம் தோடு என்றால் 22 காரட்டுக்குத் தண்ணீரில் 0.056 வர வேண்டும், தராசு 0.05 அல்லது 0.06 என்றுதான் காட்டும், முதலாவதற்கு அடர்த்தி 20, இரண்டாவதற்கு 16.7. அதே தோட்டுக்கு பித்தளை 0.12 வரும் என்பதால் முலாமைப் பிடிக்க மட்டும் இதுவே போதும், காரட் பேச இது ஆகாது. 0.001 கிராம் காட்டும் தராசு தனியாகக் கிடைக்கிறது. அது தாங்கும் மொத்த எடை குறைவு, கிண்ணமும் தண்ணீரும் நகையும் அதற்குள் அடங்க வேண்டும், குட்டி மூடி ஒன்றைக் கிண்ணமாக வைத்தால் சமாளிக்கலாம்.

மின்னணுப் பேனாவைப் பற்றி ஒரு பத்தி கூட வீண். நுனி தொடும் மேற்பரப்பைத்தான் அதற்குத் தெரியும், கனமான முலாமில் பச்சை விளக்கு எரிகிறது, அசல் நகையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தடுமாறுகிறது. பெட்டியின் அட்டைப்படத்தில் பெரிதாக இருப்பதும் இதுதான்.

வெள்ளைத் தங்கம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அதன் மேல் வழக்கமாகவே ரோடியம் என்ற வெள்ளை நிற உலோகத்தைப் பூசுவார்கள், பளிச்சென்ற வெள்ளை அதனால்தான் வருகிறது. தேய்ந்த இடத்தில் லேசான மஞ்சள் தெரிந்தால் அது முலாம் போன போலி நகை இல்லை, உள்ளே இருக்கும் தங்கம் எட்டிப் பார்க்கிறது. பூச்சு இருப்பதாலேயே ஒரு நகை போலி ஆகிவிடாது.

பெட்டி எதுவும் வேண்டாம், வீட்டுச் சாமான் போதும் என்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. வினிகரில் போட்டுப் பார்ப்பது: மேலே தங்கம் இருந்தால் வினிகர் அதை ஒன்றும் செய்யாது, முலாம் தேறிவிடும். தண்ணீரில் மூழ்குகிறதா என்று பார்ப்பது: பித்தளையும் மூழ்கும், இரும்பும் மூழ்கும், இதை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. முகப்பவுடர் பூசிய தோலில் தேய்த்துக் கறுப்புக் கோடு வருகிறதா என்பது: அந்தப் பவுடரில் இருக்கும் நுண்துகள் உலோகத்தை அராவுவதால் வரும் கோடு அது, முலாமும் போடும். பல்லால் கடிப்பது: ஈயம் தங்கத்தைவிட மிருது, பல்தடம் இன்னும் நன்றாகப் பதியும். தோல் பச்சையாகிறதா என்பது ஓரளவு குறிப்புதான், ஆனால் 9, 10 காரட் அசல் நகையிலும் செம்பு நிறைய இருப்பதால் சிலருக்குத் தோல் கறுக்கும், பச்சையாகும். இதில் பலவற்றைச் செய்து பார்ப்பதால் பெரிய நஷ்டம் இல்லை. ப்ளீச்சில் ஊற வைக்கச் சொல்வதை மட்டும் கேட்காதீர்கள், குளோரின் 14, 18 காரட் கலவைகளை அரித்து விரிசல் விடச் செய்யும், நல்ல நகை வீணாகும். ப்ளீச்சையும் வினிகரையும் அடுத்தடுத்துச் செய்து இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், அது நகைக்கு இல்லை, நமக்கே ஆபத்து.

விலை உயர்ந்த நகை, கல் பதித்தது, குடைவானது, தகராறில் இருக்கும் நகை, இவற்றுக்கு இந்தப் பெட்டி சரிப்படாது, எக்ஸ்-ரே இயந்திரம் வைத்திருக்கும் இடத்துக்கே போங்கள். எக்ஸ்-ரே கதிர் பட்டதும் ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி அனுப்பும், அதை வைத்து எது எத்தனை சதவீதம் என்று கொஞ்ச நேரத்தில் காகிதத்தில் தந்துவிடுவார்கள், நகைக்குச் சேதம் இல்லை. ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள், அந்தக் கதிர் தங்கத்துக்குள் பார்க்கும் ஆழம் சில மைக்ரானிலிருந்து பத்து மைக்ரான் சுமார்தான். மெல்லிய முலாமைத் தாண்டி உள்ளே இருக்கும் செம்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவிடும். தகடு ஒட்டிய ஜி.எஃப். நகையில் தங்கப் படலமே பத்து இருபது மைக்ரான் இருக்கும், அங்கே அசல் 14 காரட் என்றே சீட்டு வரக்கூடும். தேய்ந்த விளிம்பிலும் ஓர் இடம் பார்க்கச் சொல்லுங்கள், முடிந்தால் அரம் போட்ட இடத்தில். அதற்கும் மேல் சந்தேகம் என்றால் நெருப்பில் உருக்கிச் சோதிக்கும் முறை ஒன்றுதான் பாக்கி: கொஞ்சம் உலோகத்தைச் சுரண்டி எடுத்து ஈயத்தோடு ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கி, மட்ட உலோகங்களை உறிஞ்ச விட்டு, வெள்ளியை அமிலத்தில் கரைத்து, மிஞ்சிய தங்கத்தை நிறுப்பார்கள். எல்லாவற்றிலும் துல்லியமானது அதுதான், சுரண்டி எடுத்தது திரும்ப வராது.

இந்தப் பெட்டியைத் திரும்ப வாங்குவேனா என்றால், மாட்டேன். உரைகல்லும் ஊசிகளும் ஒரு கடையில், 10, 14 என்ற இரண்டு அமில பாட்டில் மட்டும் தேவைப்படும்போது புதிதாக, நல்ல லென்ஸ் ஒன்று, மெல்லிய பல் உள்ள அரம் ஒன்று, 0.001 கிராம் தராசு ஒன்று என்று தனித்தனியாக எடுப்பேன். பழைய நகைகளை அடிக்கடி வாங்கி விற்பவர்கள் 18, 22 அமிலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம், சின்ன பாட்டிலாக வாங்கித் திறந்த தேதியை மேலே எழுதி வையுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய நகைப் பையில் எது தங்கம் எது கவரிங் என்று ஒருமுறை பிரித்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு அமிலமே தேவையில்லை, தராசு, லென்ஸ், காந்தம், நூல், ஒரு கிண்ணம் தண்ணீர், இவ்வளவு போதும்.